மறு: அர்பன் ஃபேண்டசி – ‘நகர மிகுபுனைவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிஜ நகரம் ஒன்றுக்குள் மாய உலகம் நடமாடும் கதைகளை ஆங்கிலத்தில் அர்பன் ஃபேண்டசி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் தந்த ‘நகர்ப்புற மாயக்காதல் கதை’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. கசாண்ட்ரா கிளேர் 2007-இல் எழுதிய ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். பாதி மிகவும் பிடித்தது, பாதி எரிச்சலூட்டியது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ‘மாய’. அன்றாட வாழ்வில் அதிசயம் இயல்பாக நடக்கும் எழுத்துக்கு மாய யதார்த்தம் என்ற சொல் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ரெமெதியோஸ் என்ற பெண் துணிவிரிப்புகளோடு வானேறிப் போகிறாள். வீட்டு மருமகள் பெர்னாண்டாவோ விரிப்புகளைத் திருப்பித் தரும்படி கடவுளை வேண்டுகிறாள். அங்கே அதிசயம் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. கிளேரின் நாவலில் அது ஒளிந்திருக்கிறது; அதனால் இங்கே ‘மாய’ என்றால் குழப்பம்தான் வரும். நியூயார்க் இரவு விடுதி ஒன்றின் சாமான் அறையில், பதினைந்து வயது கிளாரி, பேய் வேட்டைக்காரர்கள் செய்யும் ஒரு கொலையைப் பார்க்கிறாள். காவலாளியைக் கூட்டிக்கொண்டு வரும் நண்பன் சைமனின் கண்ணுக்கு அங்கே அவளைத் தவிர யாருமே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் எனக்குச் சிலிர்த்தே விட்டது. இப்படி மறைக்கும் வித்தையை நாவலில் கிளாமர் என்கிறார்கள். நம் ‘கண்கட்டு’ அதற்கு அச்சாகப் பொருந்தும்.

அப்புறம் ‘நகர்ப்புறம்’. அதைக் கேட்டதும் அரசாணைதான் நினைவுக்கு வருகிறது. இந்த நாவலுக்கு உயிர் கொடுப்பது நியூயார்க் என்ற குறிப்பிட்ட ஊர். ரூஸ்வெல்ட் தீவில் 1856-இல் திறக்கப்பட்டு, இன்று இடிபாடாக நிற்கும் பெரியம்மை மருத்துவமனைதான் கதையில் வில்லனின் பதுங்கிடம். இருக்கிற கட்டடத்துக்குள் இல்லாத உலகத்தை நுழைப்பதுதான் இந்த வகையின் அழகு. ‘நகர’ என்றாலே போதும்.

‘காதல்’ கட்டாயம் வேண்டாம். எனக்கு எரிச்சல் வந்ததே அங்கேதான். கிளாரியையும் அந்த வேட்டைக்காரர்களில் ஒருவனான ஜேஸையும் நெருங்க விட்டுவிட்டு, கடைசியில் இருவரும் அண்ணன் தங்கை என்று வில்லன் வாயால் சொல்ல வைக்கிறார் ஆசிரியர். அடுத்த பாகத்துக்கு வாசகரை இழுக்கப் போட்ட தூண்டில் அது; பாத்திரங்களின் வலியாக எனக்குப் படவில்லை. விருந்தில் எதையோ குடித்து எலியாகிவிடும் சைமன் மீது வந்த பரிவு கூட இந்த ஜோடி மீது வரவில்லை. காதலை உருவிவிட்டாலும் இது அர்பன் ஃபேண்டசிதான். நகரத்தை உருவினால் ஒன்றும் மிஞ்சாது. அமானுஷ்யப் பின்னணியில் காதலே மையமாக உள்ள பாராநார்மல் ரொமான்ஸ் வேறு வகை, அதற்குத் தனிச்சொல் பார்ப்போம்.

ஃபேண்டசிக்கு ‘மிகுபுனைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், என் பரிந்துரை: நகர மிகுபுனைவு. பதின்பருவ வாசகருக்கானது என்பதைக் குறிக்க யங் அடல்ட் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இளையோர் நகர மிகுபுனைவு’. சற்று நீளம்தான், ஆனால் சொன்னவுடன் புரியும்.

இன்னொன்று. நாவலில் அந்தப் பேய் வேட்டைக்காரர்கள் சாதாரண மனிதர்களை ‘மண்டேன்’ என்று இளக்காரமாகக் குறிப்பிடுகிறார்கள். ‘சாமானியர்’ என்று வைத்தால் இளக்காரம் போய் மரியாதை வந்துவிடுகிறது. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.