கன்னத்தைத் தொடாமல் காட்டிய விரல்

முதல் தடவை அந்த வலி வந்தது முகம் கழுவும்போது. ஈரக்கை வலது கன்னத்தில் பட்டதும் மேலுதட்டு ஓரத்திலிருந்து கண்ணுக்குக் கீழ் வரை சுரீரென்று ஷாக் அடித்தது. 2 வினாடி இருந்திருக்கும். நின்றதும் எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. அன்று இரவுக்குள் 5 முறை வந்துவிட்டது.

மேல் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்புவதுபோல் தோன்றியதால் பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பழைய அடைப்பு ஒன்றைச் சந்தேகப்பட்டு வேர் சிகிச்சை செய்தார். மரத்துப்போக ஊசி போட்டதுமே வலி நின்றதால் பல்தான் காரணம் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அந்த ஊசி நரம்பையே மரக்க வைக்கிறது என்பதால் நரம்பு வலியும் அப்போது நிற்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. 3 வாரம் நிம்மதியாக இருந்தேன். திரும்ப வந்தது. பக்கத்துப் பல்லுக்கும் வேர் சிகிச்சை. அப்புறம் முதல் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கச் சொல்லி அழுது கேட்டது நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோய் சில வாரம், சில மாதம் தானாகவே அடங்கிக் கிடக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த இடைவெளியைத்தான் ஒவ்வொரு முறையும் குணம் என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒருவர் சைனஸ் என்றார். இன்னொருவர் மனஅழுத்தம் என்று சொல்லி வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதினார். வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். என் வலி 2 வினாடியில் வந்து போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பல் தேய்ப்பதை நிறுத்தினேன், இடது பக்கம் மட்டும் மென்றேன், பேச்சைக் குறைத்தேன். ஜன்னல் காற்று கன்னத்தில் பட்டாலே பயம்.

14 மாதம் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். கையில் கொண்டுபோன ஃபைலை அவர் உடனே பிரிக்கவில்லை. "ஒரு தடவை வலி வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? வினாடியா, நிமிடமா, மணிக்கணக்கா?" என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. அப்புறம், எதைச் செய்தால் வருகிறது? இரண்டு வலிக்கு நடுவில் முகம் எப்படி இருக்கிறது? தூங்கும்போது எழுப்புகிறதா? இடது பக்கம் எப்போதாவது வந்ததுண்டா? எங்கே தொடங்கி எங்கே போகிறது, காட்டுங்கள்.

விரலால் காட்டினேன். "பாருங்கள், விரல் கன்னத்தில் படவே இல்லை. ஓர் அங்குலம் தள்ளிக் காற்றில் வைத்துக் காட்டுகிறீர்கள். பல்வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் வந்த அழுகை இல்லை அது.

டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் ஐந்தாம் மண்டை நரம்பின் நோய். நெற்றி, கன்னம், தாடை என்று அந்த நரம்புக்கு 3 கிளைகள். பலருக்கு நடுக்கிளையிலோ கீழ்க்கிளையிலோதான் வலி வருகிறது. பற்களுக்குப் போகும் நரம்பும் அந்த இரண்டு கிளைகளிலிருந்துதான் பிரிகிறது, அதனால்தான் பல் பறிபோகிறது. மூளைத்தண்டை ஒட்டி நரம்பு நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் சாய்ந்து துடித்துக்கொண்டே இருந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை தேய்ந்துபோகும். பிறகு லேசாகத் தொட்டால்கூட வலியாகத் தாவிவிடும் என்று படம் வரைந்து காட்டினார். பஞ்சாலும் ஊசி முனையாலும் முகத்தின் 3 பகுதிகளையும் தொட்டுப் பார்த்தார். எங்காவது உணர்ச்சி குறைந்திருந்தால் கட்டி, நரம்புறை நோய் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டுமாம்.

ஏற்கெனவே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து "நார்மல்" என்று வாங்கி வைத்திருந்தேன். அது பொதுவாக மூளையைப் பார்க்க எடுத்த படம் என்று சொல்லி, ஐந்தாம் நரம்பை மெல்லிய வெட்டுகளாகப் பார்க்கும்படி தனியாகக் குறிப்பிட்டு மறுபடி எழுதிக் கொடுத்தார். அதில் ரத்தக்குழாய் நரம்பைத் தொடுவது தெரிந்தது. ஆனாலும் "வலியே இல்லாதவர்களுக்கும் இப்படித் தொட்டுக்கொண்டிருப்பதுண்டு. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன், படம் அதற்குத் துணை" என்றார்.

இந்த வலிக்கு முதலில் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரையைத் தொடங்கும் முன் ரத்தத்தில் சோடியம், கல்லீரல், அணுக்கள் எல்லாம் பார்த்தார். கூடவே எச்.எல்.ஏ. பி 1502 என்று ஒரு மரபணுச் சோதனை. ஆசிய வம்சாவளியில் சிலருக்கு இந்த மரபணு இருக்கிறது. அவர்கள் இந்த மருந்தைச் சாப்பிட்டால் தோல் கொப்பளித்து உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம். எனக்கு இல்லை என்று வந்ததும் குறைந்த அளவில் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பல் தேய்த்தேன். முழுசாக, இரண்டு பக்கமும்.

மாத்திரை சும்மா விடவில்லை. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், தெரிந்த வார்த்தை நாக்கில் வராமல் நிற்பது எல்லாம் இருந்தது. ஒருமுறை சோடியம் இறங்கிப் பெரிய குழப்பமாகிவிட்டது, அளவைக் குறைத்தோம். ஆனால் இதெல்லாம் வரலாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: முதல் 5 நிமிடத்தில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள்.

*

அக்கா, அந்த ஓர் அங்குலத்தைப் படித்ததும் என் கை கன்னத்துப் பக்கம் போய் நின்றுவிட்டது.

எனக்கு உதவிய முதல் மருத்துவருக்கு இந்த நோயைப் பற்றி அதிகம் தெரியாது. எங்கள் குடும்ப மருத்துவர். இரண்டு முறை மருந்து மாற்றிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் பழக்கமில்லாத வலி. தெரியாமல் இன்னொரு மாத்திரை எழுதினால் உங்களுக்குத்தான் நாள் வீணாகும்" என்று சொல்லி, நரம்பியல் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எப்போது தொடங்கியது, என்னென்ன கொடுத்தோம், எதில் பலன் இல்லை என்று எல்லாம் அதில் இருந்தது. எனக்கு 4 மாதத்தில் நோய் தெரிந்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம். அதனால் கேள்வி கேட்கத் தெரியாத மருத்துவரையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் எண்ணம். தெரியாது என்று சொல்கிறாரா, அதைப் பாருங்கள்.

மருந்து 6 ஆண்டு கேட்டது. பிறகு அளவு ஏறிக்கொண்டே போய் நடக்கவே தள்ளாடினேன். அறுவை சிகிச்சைக்கு இரண்டு பேரைப் பார்த்தேன். முதலாமவர் "பயப்படாதீர்கள், சரியாகிவிடும்" என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை. இரண்டாமவரிடம், இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குக் காது பாதிக்கப்பட்டது, வலி திரும்பினால் அடுத்து என்ன என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், தனக்குச் சரியாக வராத நோயாளிகளைப் பற்றியும் சொன்னார். ரத்தக்குழாய்தான் நரம்பை அழுத்துகிறது என்று 1930-களிலேயே வால்டர் டான்டி என்ற அறுவை மருத்துவர் கவனித்து எழுதியதையும், 1960-களில் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கி வைத்து அந்த அழுத்தத்தை விலக்கும் முறையை வளர்த்ததையும் கதைபோல் சொன்னார். தன் வேலையின் வரலாற்றை இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவரிடம் தலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, குழாயை நகர்த்தி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைத்தார்கள். கண் விழித்தபோது வலி இல்லை. அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம், அது நிலைத்துவிட்டது. 1996-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்த அறுவைக்கு 10 ஆண்டு கழித்தும் 10 பேரில் 7 பேர் மருந்தில்லாமல் வலியின்றி இருந்தார்கள் என்று அவரே காட்டினார். மீதி 3 பேரில் நான் இருக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

*

நான் கொஞ்சம் மாறுபட்ட கதை சொல்கிறேன். எனக்கு இந்தப் பெயரை எல்லோரும் உடனே சூட்டிவிட்டார்கள், அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

கீழ்த்தாடையில் ஞானப்பல் எடுத்த பிறகு உதடும் மோவாயும் பாதி மரத்துப்போய், அதற்குள்ளேயே எரிச்சல். சூடு பட்டதுபோல் நாள் முழுக்க எரியும். ஷாக் அடிப்பது கிடையாது, வந்து போவதும் கிடையாது, எப்போதும் இருக்கும். முகத்தில் நரம்பு வலி என்றதும் கார்பமாசெபின் கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் அளவைக் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். ஓராண்டு அரைத் தூக்கத்தில் கழிந்தது. ஒருவர் அறுவை சிகிச்சை வரை பேசினார்.

கடைசியில் வலி சிகிச்சைப் பிரிவில் ஒரு மருத்துவர், அக்கா சொன்ன அதே கேள்விகளைத்தான் கேட்டார். எவ்வளவு நேரம், நடுவில் எப்படி இருக்கிறது, மரத்திருக்கிறதா. என் பதில்களைக் கேட்டுவிட்டு, "இது அது இல்லை. பல் எடுத்தபோது நரம்பில் காயம் பட்டிருக்கிறது. ரத்தக்குழாயை நகர்த்தும் அறுவை உங்களுக்கு உதவாது" என்றார். கார்பமாசெபினை மெதுவாகக் குறைத்து, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தொடங்கினார். வலி போகவில்லை. பாதியாகியிருக்கிறது. முழுவதும் போகாமலும் இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதன் பிறகுதான் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடுவதை நிறுத்தினேன்.

*

சுருக்கமாக என்னுடையது. வயது 31, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கமும். இளம் வயது, இரண்டு பக்கம், இந்த இரண்டையும் கேட்டதுமே மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை கால் மரத்துப்போனதுண்டா, கண் பார்வை மங்கியதுண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டு முன்பு ஒரு மாதம் ஒரு கண் மங்கலாக இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கும் நோய். முக வலிக்காகப் போய், அடிப்படை நோய்க்குச் சீக்கிரமே மருந்து தொடங்க முடிந்தது. இரண்டு பக்கமும் வருகிறவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. "இது அது இல்லை" என்று எழுதிய தங்கைக்குத் தனியாக நன்றி. என் கதையை மட்டும் படித்துவிட்டு யாராவது கார்பமாசெபின்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு சின்ன நோட்டில் 2 வாரம் குறித்துக்கொண்டு போனேன்: எத்தனை முறை, எத்தனை வினாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். சாப்பிட்ட மருந்துகளையும் அளவையும், எது கேட்கவில்லை என்பதையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். என் கணவர் ஒருமுறை வலி வரும் நேரத்தை ஃபோனில் வீடியோ எடுத்தார். எடுக்கும்போது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மருத்துவர் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், கார்பமாசெபின் அதன் பலனைக் குறைத்துவிடும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நோய் தெரிந்த பிறகு அந்தப் பல் மருத்துவரிடம் போனேன். சண்டை போடப் போகவில்லை, எனக்கு நடந்ததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. உட்கார வைத்து முழுதாகக் கேட்டார். முகம் வாடிவிட்டது. அந்த நரம்பியல் மருத்துவர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். போன மாதம் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கன்னத்தில் ஷாக் அடிக்கிறது, பல்லைப் பிடுங்கச் சொல்லி அவரிடம் போயிருக்கிறார். "வினாடியா, மணிக்கணக்கா?" என்று அந்தப் பல் மருத்துவர் கேட்டிருக்கிறார். பல்லைத் தொடாமலே நரம்பியலுக்கு அனுப்பிவிட்டாராம்.