அஞ்சு நிமிஷத்துல ஓடிபிசி டிரைவர் போட்டவர் யாரு?

#1 மலர்_டிபிஏ
நேத்து பைதான் திரியில சுடுசோறு எழுதினது: "லினக்ஸ்ல எஸ்க்யூஎல் சர்வருக்கு ஓடிபிசி டிரைவர் போட அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல ஆச்சுன்னா குறை ஆள்கிட்ட." எஸ்க்யூஎல் சர்வர்ங்குறது மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ், அதோட புரோகிராமைப் பேச வைக்குற பைல் தான் ஓடிபிசி டிரைவர். அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பின பையன் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குத் தனிமடல் போட்டான். அவன் திரையில இருந்த எரர், டிரைவர் பைலோட முழுப் பாதையையும் காட்டி, "கான்ட் ஓபன் லிப், பைல் நாட் பவுண்ட்"னு சொல்லுது. ஆனா பைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்டை அடிச்சா அதே இடத்துல பைல் உக்காந்திருக்கு. அழாத குறையா கேக்குறான், "அக்கா, கண்ணு முன்னாடி இருக்குற பைலை இல்லைங்குதே"ன்னு.

ஒரு பைல் எந்தெந்தத் துணை பைலை (லைப்ரரி) தேடுதுன்னு காட்டுற எல்டிடி-யை ஓட்டச் சொன்னேன். இருபது வரி வந்துச்சு, அதுல ஒரே ஒரு வரியில "லிப்ஓடிபிசிஇன்ஸ்ட்.எஸ்ஓ.2, நாட் பவுண்ட்". காணாமப் போனது டிரைவர் இல்ல, டிரைவர் தேடுற இன்னொரு லைப்ரரி. டிரைவரை ஏத்தி ஓட்டுற டிரைவர் மேனேஜர் யூனிக்ஸ்ஓடிபிசி, அது ரெண்டுக்கும் ஒரே எரரைத் தான் துப்பும். இது தெரியாம எத்தனை பேர் டிரைவரை அழிச்சு அழிச்சுப் போட்டுட்டு இருக்காங்க தெரியுமா? அந்தப் பையனுக்கு நாலு மணி நேரம் போச்சு. அஞ்சு நிமிஷம்னு எழுதினவர் இப்ப வந்து பதில் சொல்லட்டும்.

#2 சுடுசோறு
வந்துட்டேன். அந்தப் பையன் டாக்கர்ல, அதாவது புரோகிராமைத் தேவையான பைலோட ஒரே இமேஜா கட்டுற கருவியில, முதல் ஸ்டேஜ்ல டிரைவர் போட்டுட்டு, ரெண்டாவது இமேஜுக்கு அந்த ஒரு போல்டரை மட்டும் காப்பி பண்ணியிருக்கான். திரியில அவனே சொன்னான், நீங்க அதை இங்க சொல்லாம விட்டுட்டீங்க. உபுண்டுவோட இன்ஸ்டால் கமாண்டு ஏபிடி-ல முறையா போட்டிருந்தா யூனிக்ஸ்ஓடிபிசியும் அதோட லைப்ரரியும் கூடவே வந்திருக்கும். டிரைவர் இருக்குற ரெப்போ சேர்க்குறது ஒரு நிமிஷம், அப்டேட் ஒரு நிமிஷம், லைசென்ஸுக்குச் சம்மதம் கேக்குற "ஆக்செப்ட் யூலா"வுக்கு ஒய் குடுத்து இன்ஸ்டால் ரெண்டு நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷம் இருக்கு. அஞ்சு நிமிஷம் தான்.

#3 ஈரோடு எக்செல்
லினக்ஸ் சண்டைக்குள்ள வர்றதுக்கு மன்னிக்கோணும்ங்க. நான் கணக்கு எழுதுற ஆளு. போன மாசம் 18-ஆம் தேதி, ரிட்டர்ன் போட ரெண்டு நாள் தான் பாக்கி. எக்செல்ல இருந்து கடை டேட்டாபேஸை இழுக்கோணும். சர்வீஸ் பண்ற தம்பி வந்து டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்பு விவரத்துக்கு வச்ச பேரு) போட்டு, டெஸ்ட் பட்டனை அமுக்கி, "சக்சஸ்" காட்டிட்டுப் போய்ட்டாருங்க. எக்செல்ல போனா "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்"ங்குது. என்ற மிஷின் 64 பிட்டு. டிரைவரும் 64 பிட்டு. அப்புறம் என்ன மிஸ்மேட்ச்சுங்க?

#4 மலர்_டிபிஏ
ஈரோடு அண்ணே, உங்க எக்செல் 32 பிட். ஆபீஸ் 2016 வரைக்கும் ஒண்ணும் மாத்தாம போட்டா 32 தான் விழும், 2019-ல இருந்து தான் 64. டிரைவர் மிஷினைப் பாக்காது, தன்னைக் கூப்பிடுற புரோகிராமைத் தான் பாக்கும். 32 பிட் எக்செல்லுக்குள்ள 64 பிட் டிஎல்எல் (டிரைவர் பைல்) ஏறவே ஏறாது.

விண்டோஸ் இதுல பண்ணி வச்சிருக்குற வேலையைப் பாருங்க. டிஎஸ்என் போடுற ஜன்னல் ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 போல்டர்ல இருக்குறது தான் 64 பிட்டு. சிஸ்வாவ்64 போல்டர்ல இருக்குற ஓடிபிசிஏடி32 தான் 32 பிட்டு. ரெண்டு பைலுக்கும் ஒரே பேரு, அந்தப் பேர்லயும் 32. சர்வீஸ் தம்பி முதல்ல கண்ணுல பட்டதைத் திறந்து போட்டிருப்பார். அந்த டெஸ்ட் பட்டன் அதே 64 பிட் ஜன்னலுக்குள்ள ஓடுறதால அங்க சக்சஸ் தான் வரும். எக்செல்லுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. 32 பிட் டிரைவரை இறக்கிப் போட்டு, சிஸ்வாவ்64-ல இருக்குறதைத் திறந்து டிஎஸ்என் போடுங்க. விண்டோஸ் 8-ல இருந்து மெனுவுலயே 32, 64-னு பிரிச்சு எழுதியிருக்கும்.

சுடுசோறு, அந்தத் தம்பியும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுத் தான் போனார்.

#5 சுடுசோறு
நான் லினக்ஸ்னு எழுதினேன். நீங்க விண்டோஸ் கதையைக் கொண்டாந்து என் தலையில கட்டுறீங்க. விண்டோஸ் குழப்பம்னு நானும் தான் சொல்றேன். அப்ப என் பக்கம் தானே பேசுறீங்க?

#6 பழைய பைல்
இந்தக் கூத்து எதுவுமே வேணாம். ஜாவா புரோகிராமுக்கான ஜேடிபிசி போடுங்க. முழுக்க ஜாவாவுலயே எழுதின டைப் 4 டிரைவர், ஒரே ஜார் பைல். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுக்கும் அதே பைல். பத்து வருஷமா சொல்றேன், யாரும் கேக்குறதில்ல.

#7 மலர்_டிபிஏ
பழைய பைல் சார், அதே பைல்னு சொல்றதுக்கு முன்னாடி விண்டோஸ் லாகின்லயே எஸ்க்யூஎல் சர்வருக்குள்ள போற செட்டிங்கைப் போட்டுப் பாத்திருக்கீங்களா? பாஸ்வேர்டு இல்லாம உள்ள விடுற அந்த இன்டகிரேட்டட் செக்யூரிட்டிக்கு ஜார் பக்கத்துல ஒரு டிஎல்எல் வேணும். அதுலயும் 32, 64 உண்டு. அதை ஜாவா தேடுற பாதையில வைக்கலைன்னா அங்கேயும் இதே ஒப்பாரி தான். அப்புறம் 2014-ல ஜாவா 8 வந்தப்போ ஜாவாவுல இருந்து ஓடிபிசி டிரைவரைக் கூப்பிட விட்ட ஜேடிபிசி-ஓடிபிசி பிரிட்ஜைத் தூக்கினாங்களே, அன்னைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் பைலை நம்பி ஓடுன ரிப்போர்ட் எல்லாம் படுத்துச்சு. அந்தப் போன்கால் எல்லாம் எடுத்தது நான்.

#8 பழைய பைல்
பிரிட்ஜை புரொடக்‌ஷன்ல பயன்படுத்தாதீங்கன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. பயன்படுத்தினது உங்க தப்பு.

#9 சொல்லேர்
இத்தனை பதிவுகளில் ஒருவர்கூட 'இயக்கி' என்று எழுதவில்லை. 'டிரைவர்' என்றால் பேருந்து ஓட்டுபவர். மேலும் ஒன்று கேட்கிறேன்: 'போடுவது' என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அது கோப்பை நிறுவுவதா, அமைப்பதா, இணைப்பு கிடைப்பதா? அதை முதலில் வரையறுத்துவிட்டு நிமிடக் கணக்குக்கு வரலாம்.

#10 சுடுசோறு
சொல்லேர் ஐயா, இயக்கின்னு எரர்ல வந்தா நான் எழுதுறேன். இங்க பேச்சு அஞ்சு நிமிஷத்தைப் பத்தி.

#11 ஆப்பிள் தோட்டம்
மேக்ல அஞ்சு நிமிஷம் சத்தியமா ஆகாது. நான் பழைய இன்டெல் மேக்ல இருந்து ஆப்பிள் சிப் இருக்குற எம்1-க்கு மாறினேன். மைக்ரேஷன்ல, புரோகிராம் போட வச்சிருந்த பழைய ஹோம்ப்ரூவும் கூடவே வந்துடுச்சு. இப்ப டிரைவர் எங்க இருக்குன்னு சொல்ற ஓடிபிசிஇன்ஸ்ட்.ஐஎன்ஐ ஒண்ணு /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி-ல, இன்னொண்ணு /ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஈடிசி-ல. நான் ஒண்ணைத் திருத்துறேன், பைதான் இன்னொண்ணைப் படிக்குது. ரெண்டு நாள் கழிச்சுத் தான் என் பைதானே, இன்டெல் புரோகிராமை எம்1-ல ஓட்டுற ரோசெட்டாவுல இன்டெல் பைதானா ஓடிட்டு இருந்தது தெரிஞ்சது.

#12 சுடுசோறு
மேக் வாங்கினது என் தப்பா?

#13 ஆப்பிள் தோட்டம்
காசு குடுத்து வாங்கினது நான். நீங்க ஏன் எரியுறீங்க? லினக்ஸ்காரங்க எல்லாருக்கும் இதே புத்தி.

#14 மலர்_டிபிஏ
ஆப்பிள் தோட்டம், ஓடிபிசிஇன்ஸ்ட் மைனஸ் ஜே அடிச்சா எந்தப் பைலைப் படிக்குதுன்னு வரிசையா சொல்லிடும். ஆனா ரெண்டு ஹோம்ப்ரூ இருந்தா அந்தக் கமாண்டும் ரெண்டு இருக்கும், முழுப் பாதை போட்டு ரெண்டையும் ஓட்டிப் பாக்கணும். மேக்ல இன்னொரு வம்பு, டிரைவர் மேனேஜரே ரெண்டு: ஐஓடிபிசி, யூனிக்ஸ்ஓடிபிசி. மேக் எக்செல் ஐஓடிபிசி பக்கம் போகும். ஹோம்ப்ரூல பைதானுக்குப் போடுறது யூனிக்ஸ்ஓடிபிசி. ஐஓடிபிசி ஒரு எழுத்துக்கு 4 பைட் வச்சிருக்கும், யூனிக்ஸ்ஓடிபிசி 2 பைட். ஒண்ணுக்குக் கட்டின டிரைவரை இன்னொண்ணுல மாட்டினா எழுத்தெல்லாம் சிதறும்.

சுடுசோறு, இப்ப லினக்ஸுக்கே வர்றேன், நழுவ வேணாம். நீங்க போடச் சொன்னது டிரைவர் 18. 2022-ல வந்தது. 17 வரைக்கும் நாமா கேட்டாத் தான் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் (என்கிரிப்ட்). 18-ல கேக்காமலே ஆன். எஸ்க்யூஎல் சர்வர் தன் அடையாளத்துக்குத் தனக்குத் தானே போட்டுக்கிட்ட சர்டிபிகேட்டோட ஓடுற நம்ம ஊர் ஆபீஸ் எதுலயும் முதல் கனெக்‌ஷனே "சர்டிபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்"னு முகத்துல அடிக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துல இதுக்கு இடம் எங்க?

#15 சுடுசோறு
கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட் எஸ். பத்து செகண்ட்.

#16 மலர்_டிபிஏ
இதைத் தான் எதிர்பாத்தேன். அதோட அர்த்தம், "எதிர்ல இருக்குறது யாருன்னு நான் பாக்க மாட்டேன்". என் லேப்டாப்ல டெஸ்ட்டுக்குப் போடுறேன்னா போட்டுட்டுப் போங்க. சம்பளப் பட்டியல் இருக்குற சர்வருக்கு அதைச் சொல்லிக்குடுக்காதீங்க. ஆபீஸோட சிஏ (சர்டிபிகேட்டுக்குச் சாட்சி சொல்ற அமைப்பு) சர்டிபிகேட்டை லினக்ஸ் மிஷின்ல ஏத்தி, அப்டேட் பண்ணி, சர்வர் பேரு சர்டிபிகேட்ல இருக்குற பேரோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும். அதுக்கு நெட்வொர்க் ஆளு லீவுல இல்லாம இருக்கணும். இந்தச் சுடுசோறு தான் போன வருஷம் ஒரு புதுப் பொண்ணுகிட்ட டிஎஸ்என் எழுதி வைக்குற ஓடிபிசி.ஐஎன்ஐ-க்கு 777 (யார் வேணாலும் படிக்கலாம், திருத்தலாம்) குடுக்கச் சொன்னவர். அந்தப் பைல்ல பாஸ்வேர்டு இருந்துச்சு.

#17 சுடுசோறு
அந்தப் பதிவை நான் அன்னைக்கே திருத்திட்டேன். இன்னும் எத்தனை வருஷம் அதையே தூக்கிட்டு வருவீங்க? டேட்டாபேஸை டாக்கர்ல ஓட்டவே கூடாதுன்னு நீங்களும் தான் எழுதுனீங்க. அதை நான் சொல்லிக் காட்டினேனா?

#18 மலர்_டிபிஏ
இப்ப சொல்லிக் காட்டிட்டீங்க.

#19 ஈரோடு எக்செல்
மேடம், 32 பிட் டிரைவர் போட்டுட்டேன்ங்க. எக்செல்ல டேட்டா வந்திருச்சு. ஆனா கடைக்காரங்க பேரு எல்லாம் வெறும் கேள்விக்குறியா வருது. "முருகன் ஸ்டோர்ஸ்"ங்கிறது பதினஞ்சு கேள்விக்குறி. நம்பரெல்லாம் சரியா இருக்கு.

#20 பழைய பைல்
டேட்டாபேஸ்லயே கெட்டுப் போயிருக்கும். பேக்கப் இருக்கா?

#21 மலர்_டிபிஏ
பழைய பைல் சார், அவரைப் பயமுறுத்தாதீங்க. ஈரோடு அண்ணே, உங்களது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தானே? அதோட டிரைவரைப் போட்டா பட்டியல்ல ரெண்டு பேரு வரும், ஒண்ணு ஆன்சி, இன்னொண்ணு யூனிகோடு. அகர வரிசையில ஆன்சி முதல்ல நிக்கும், எல்லாரும் அதையே தட்டிடுவாங்க. ஆன்சி டிரைவர் விண்டோஸோட எழுத்துப் பட்டியலான கோட்பேஜுக்கு எழுத்தை மாத்தப் பாக்கும். அங்க தமிழுக்கு இடமே கிடையாது, அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி. "முருகன் ஸ்டோர்ஸ்"ல புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியா எண்ணப்படும். டிஎஸ்என்-ஐ அழிச்சுட்டு யூனிகோடு டிரைவர்ல புதுசா போடுங்க. டேட்டாவைத் தொடாதீங்க. முக்கியமா அந்த எக்செல்ல இருந்து திரும்ப டேட்டாபேஸுக்கு எதையும் எழுதிடாதீங்க. எழுதினா அன்னைக்குத் தான் நிஜமாவே கெடும்.

#22 சொல்லேர்
தமிழ் எழுத்து கேள்விக்குறியாவது பற்றிப் பேசும் இழையிலாவது 'இயக்கி' என்று எழுதியிருக்கலாம்.

#23 ஆப்பிள் தோட்டம்
ஐயா, அவருக்கு ரிட்டர்ன் போகணும், நீங்க சொல்லுக்கு நிக்குறீங்க.

#24 சொல்லேர்
சொல்லுக்கு நிற்பவன் தான் எழுத்துக்கும் நிற்பான். உங்களுக்கு அது புரியாது.

#25 சுடுசோறு
சரி, எல்லாரும் பேசியாச்சு. இப்பவும் சொல்றேன். சுத்தமான உபுண்டு, இன்டர்நெட் இருக்கு, ஏபிடி இருக்கு. அஞ்சு நிமிஷம். நேத்து மறுபடி போட்டுப் பாத்தேன், டேட்டாபேஸ் கிடைக்குதான்னு பாக்குற ஐஎஸ்க்யூஎல்-ல "கனெக்டட்"னு வந்தப்போ நாலு நிமிஷம் நாப்பது செகண்ட்.

#26 மலர்_டிபிஏ
எந்த யூசர்ல ஓட்டினீங்க?

#27 சுடுசோறு
என் யூசர்ல தான். வேற எதுல ஓட்டணும்?

#28 மலர்_டிபிஏ
அதான் கேட்டேன். உங்க டிஎஸ்என் உங்க ஹோம் போல்டர்ல இருக்குற புள்ளி ஓடிபிசி.ஐஎன்ஐ-ல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு வேற யூசர்ல தானா ஓடுற ஜாப்புக்கு அது தெரியாது. "டேட்டா சோர்ஸ் நேம் நாட் பவுண்ட்"னு விழும், காலையில ரிப்போர்ட் வெறுமையா வரும், மேனேஜர் என்னைக் கூப்பிடுவார். விண்டோஸ்ல யூசர் டிஎஸ்என் போட்டுட்டு சர்வீஸ்ல இருந்து தேடுறதும் இதே கதை தான். ஒரு தடவை ஒரு கம்பெனியில மூணு வாரம் இப்படி வெறும் ரிப்போர்ட் போயிட்டு இருந்துச்சு. போட்டவர், "என் ஸ்கிரீன்ல வருதே"ன்னு உங்களை மாதிரியே சொல்லிட்டு இருந்தார். /ஈடிசி/ஓடிபிசி.ஐஎன்ஐ-ல போடுங்க. ஜாப் எந்த யூசர்ல ஓடுதோ அந்த யூசரா மாறி ஐஎஸ்க்யூஎல் ஓட்டிப் பாருங்க. சூடோ போட்டு ஓடிபிசிஇன்ஸ்ட் பாத்தா அட்மின் யூசரான ரூட்டோட பைலைத் தான் காட்டும், அதையும் நம்பாதீங்க. அதெல்லாம் முடிஞ்ச பிறகு கடிகாரத்தைப் பாருங்க.

#29 சுடுசோறு
ஜாப் ஓட்டுறது இன்ஸ்டால்ல சேராது. நான் டிரைவர் போடுறதைச் சொன்னேன்.

#30 மலர்_டிபிஏ
கனெக்ட் ஆகாத டிரைவரை எதுக்குப் போடணும்?

#31 சுடுசோறு
எனக்கு கனெக்ட் ஆச்சு. நாலு நிமிஷம் நாப்பது செகண்ட். ஸ்கிரீன்ஷாட் வேணும்னா போடுறேன்.

#32 பழைய பைல்
ஜார்ல நாப்பது செகண்ட் தான்.

#33 மலர்_டிபிஏ
ஸ்கிரீன்ஷாட் வேணாம். ஜாப் ஓடுற யூசருக்கு மாறி ஐஎஸ்க்யூஎல் ஓட்டுங்க, டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட்டை எடுத்துட்டு ஓட்டுங்க. என்ன வருதோ அதை அப்படியே இங்க ஒட்டுங்க.

#34 சுடுசோறு
ஆபீஸ் கிளம்பிட்டேன். அஞ்சு நிமிஷம் தான்.