குமரி மாவட்டத்தின் ஆகச்சிறந்த ஐந்து வீரர்கள் யார்? (தொழில்முறையாக ஆடியவர்கள் மட்டும்)

கருங்கல்காரன்:
எங்கள் மன்றத்தின் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பெரிய பேனர் ஒன்று அடிக்கிறோம். விளையாட்டையே பிழைப்பாக்கிக்கொண்ட நம் மாவட்டத்துக்காரர்கள் ஐந்து பேரின் படம் அதில் வரவேண்டும். கிளப்போடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கியவர்தான் தொழில்முறை வீரர் என்று கமிட்டியில் முடிவாயிற்று. ஃபுட்பால் ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் பெயரை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டாவது பெயருக்கே சண்டை. ஒருவர் தன் மச்சானைச் சொல்கிறார், இன்னொருவர் அடிமுறை என்ற தற்காப்புக் கலை சொல்லித்தரும் ஆசானைச் சொல்கிறார். ஆசான் மேல் மரியாதை உண்டு, ஆனால் அவர் எந்த கிளப்பில் கையெழுத்துப் போட்டார்? நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? 'எங்க ஊர்க்காரர்' என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

தூத்தூர் ஸ்டாப்பர் பேக்:
தம்பி, உங்கள் விதிப்படி பார்த்தால் இரண்டாவது பெயருக்குச் சண்டையே வேண்டாம். சூசைராஜின் அண்ணன் மைக்கேல் ரெஜின். 2019-20 சீசனில் இரண்டு பேரும் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் இருந்தார்கள், அந்த அணிதான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியது. ஃபைனலில் தோற்றது சென்னையின் எஃப்சி. எங்கள் ஊர்ப் பக்கம் அன்றைக்கு யாரும் சென்னைக்காக அழவில்லை.

சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை கடலோரத்தில் எட்டு ஊர். ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர்களின் ஊர்கள். அப்பா கரைக்கு வந்தாலும் பந்து, மகன் பள்ளிக்கூடம் விட்டாலும் பந்து. ஈரமணலில் வெறுங்கால். உப்புத்தண்ணீர் குடித்த பந்து கல் மாதிரி கனக்கும், தையல் விட்டுப்போகும், அதையும் விடாமல் உதைப்போம். அந்த மணலில் பந்தைக் காலோடு வைத்திருக்கப் பழகியவனுக்குப் புல்தரையில் எதிராளியைத் தாண்டுவது பெரிய வேலையில்லை. சூசைராஜ் இடது ஓரத்தில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடிய 2017-18 ஐ-லீக் (தேசிய அளவிலான லீக்) சீசன்தான் அவரை நாடறியச் செய்தது. அப்புறம் ஜாம்ஷெட்பூர், ஏடிகே, 2019-ல் இந்திய அணிக்கும் அழைப்பு.

ஆனால் உங்கள் விதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்ததில் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் எந்த கிளப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. சீசன் வந்தால் கேரளத்து மலப்புறத்தில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடப்போவார். ஆட்டம் முடிந்ததும் கேலரிக்குப் பின்னால் மேனேஜர் நோட்டை மடித்துக் கையில் திணிப்பார். அவர் எண்ணிப் பார்க்கமாட்டார், நாங்கள்தான் பஸ்ஸில் வரும்போது எண்ணுவோம். கணுக்காலில் சுற்றிய கிரேப் பேண்டேஜோடு மறுநாள் வேறு ஊரில் வேறு டீமுக்கு ஆடுவார். பந்தால்தான் வீடு கட்டினார். இது தொழில் இல்லையென்றால் எது தொழில்?

களியல் கோல்கீப்பர்:
சூசைராஜ் முதலிடம் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 2020 நவம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கால் மணி நேரம் ஆகுமுன் முழங்கால் போயிற்று. அந்தப் பழைய வேகம் பிறகு திரும்பவில்லை. எத்தனை வருஷம் நின்று ஆடினார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

தூத்தூர் ஸ்டாப்பர் பேக்:
முழங்கால் போனது அவர் குற்றமா மக்கா? உச்சத்தில் இருந்தபோது என்ன ஆடினார் என்று பாருங்கள். வருஷக் கணக்குதான் பெரிதென்றால் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவரைத்தான் பேனரில் போட வேண்டும்.

வடசேரி அண்ணாச்சி:
கிளார்க்கைக் கேலி பண்ணாதீர், நானும் ஒருத்தன்! தேசிய லீக் வந்ததே 1996-ல்தான், ஐஎஸ்எல் 2014-ல். அதற்கு முன்னால் நன்றாக ஆடுகிறவனுக்குக் கிடைத்தது டிபார்ட்மென்ட் வேலைதான், அதாவது அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ ஆலையிலோ வேலை பார்த்துக்கொண்டே அதன் அணிக்கு ஆடுவது. சென்னைக்குப் போனால் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி. திருவனந்தபுரம் போனால் டைட்டானியம் ஆலை, எஸ்பிடி வங்கி. காலையில் கொஞ்ச நேரம் ஃபைல், சாயங்காலம் பிராக்டீஸ். ஆட்டம் போனாலும் சம்பளம் நின்றுபோகாது, பென்ஷனும் உண்டு. இன்றைய பையன்கள் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கிளப்பைத் தேடி நிற்கிறார்கள். யார் தொழில்முறை என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அதற்கு முன்னால் ஆடியவர்களைச் சென்னைப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். திருவனந்தபுரத்துப் பழைய மலையாளப் பேப்பர்களில் தேட வேண்டும்.

கருங்கல்காரன்:
சரி. ஒப்பந்த விதியை எடுத்துவிட்டோம், 'பந்தால் பிழைத்தவர்' என்று மாற்றியாயிற்று. கமிட்டி இப்போது ஃபுட்பால் மட்டும் போதும் என்கிறது. ஆசான் கட்சிக்காரர்கள் பொங்கலுக்குத் தனிப் பேனர் கேட்கிறார்கள், அதை அப்புறம் பார்க்கலாம். சூசைராஜ், ரெஜின் இரண்டும் உறுதி. ஸ்டாப்பர் பேக் அண்ணனின் செவன்ஸ் ஆட்டக்காரர் மூன்றாவது, அவர் வீட்டில் சம்மதம் வாங்கிப் படமும் வாங்கித் தாருங்கள். அண்ணாச்சி, டிபார்ட்மென்ட் ஆட்களில் இரண்டு பேரை நீங்களே சொல்லுங்கள், உங்கள் பெயரைத் தவிர. பேனர் அடிக்கிறவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார்.