புதுப்பிப்பு: அசடீக் தீவில் குதிரைகளைப் பார்த்துவிட்டோம்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இரண்டு மாநிலங்களில் நீண்டு கிடக்கும் அசடீக் தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க மேரிலாந்து பக்கம் போவதா, வர்ஜீனியா பக்கமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. 'மேரிலாந்து போங்க, அங்கே அவை இஷ்டத்துக்குத் திரியும்' என்ற யோசனைதான் பலித்தது.

காலையில் சாலையோரம் இரண்டு மட்டும் மேய்ந்தன. வெயில் ஏறியதும் ஈக்கடி தாங்காமல் ஒரு கூட்டமே கடற்கரைக்கு வந்து, ஈரப் பிடரியோடு அலை விளிம்பில் நின்றது. 40 அடி தள்ளி நிற்பது கட்டாயம்.

எதிர்பாராதது அவற்றின் வயிறு. எல்லாமே சினை என்று நினைத்துவிட்டேன்! உப்பேறிய புல்லைத் தின்று ஏகப்பட்ட தண்ணீர் குடிப்பதால் வரும் உப்பலாம்.

அப்புறம், கொசு மருந்தை மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்தோம், இன்னும் சொறிகிறோம்.