28 நாளும் நாலு தகரமும்

தலவாக்கலைப் பொடியன்

இங்கிலாந்துக்கு மாணவர் விசா போட்டவர்களுக்கு அந்த 28 நாள் விஷயம் தெரியும், மற்றவர்களுக்கு ஒரு வரி: காட்ட வேண்டிய பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே என்பதால் 2025இல் இருந்த கணக்கில் செலவுக்கு மாதம் 1,136 பவுண்டுபடி 9 மாதத்துக்கு 10,224, மிச்சப் படிப்புக் கட்டணம் வேறு. கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா புரட்டித் தந்தார். மாமா கணக்கில் இருந்தால் எடுபடாதே, அப்பா கணக்கில் போட்டோம். பதினாலாம் நாள், ஓகஸ்ட் காற்றில் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கூரையில் நாலு தகரம் போய்விட்டது. அப்பா ஒருவரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய் அந்தக் கணக்கில் 18,000 ரூபாய் எடுத்துத் தகரம் போட்டு, பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் திருப்பியும் கட்டிவிட்டார். நான் 28ஆம் நாள் வங்கியில் பாஸ்புக்கை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். ஒரு வரியில் மீதி கீழே இறங்கி அடுத்த வரியில் ஏறியிருக்கிறது. "அதான் திருப்பிக் கட்டிட்டேனே" என்கிறார். திருப்பிக் கட்டிய நாள்தான் மறுபடி ஒன்றாம் நாள். செப்டெம்பரில் தொடங்க வேண்டிய படிப்பு ஜனவரியாகிவிட்டது. இப்போது லெஸ்டரில் இருக்கிறேன், வீடியோ கோலில் அப்பா தலைக்கு மேலே அந்த நாலு மட்டும் துரு இல்லாமல் பளிச்சென்று தெரியும்.

பதுளைக்காரி

தம்பி, அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்? கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்திருக்க வேண்டும், பவுண்டு விலை ஏறினாலே குறைந்திருக்குமே! எனக்குப் பணம் சரியாக இருந்தது, பெயர்தான் சரியில்லை. அப்பா கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் வேண்டும் இல்லையா, அதில் அப்பா சுப்பையா, அடையாள அட்டையில் சுப்ரமணியம், தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) மூன்றாவதாக ஒன்று. திருத்தப் போன இடத்தில் கிளார்க் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, "இதில எந்த அப்பாவக் கூட்டிட்டுப் போறீங்க தங்கச்சி?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. அப்பாவும் என் பக்கத்தில்தான் நின்றார்.

நுவரெலியா அண்ணன்

என் கதை சின்னது. அவுஸ்திரேலியாவுக்கு ஏஜென்ட் "நாளைக்குப் போடலாம்" என்று இழுத்து இழுத்து, 710 டொலர் விசாக் கட்டணம் 2024 ஜூலை 1இல் 1,600 ஆனது. சரி, இனிப் போகிறவர்கள் கேளுங்கள். பெயர் திருத்தத்தை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதும்போதே தொடங்குங்கள். லயத்து முகவரியைக் கொடுத்தால் கடிதம் தோட்டத்து ஒபிசில் கிடக்கும், டவுனில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுங்கள். இங்கிலாந்துக்கு என்றால் காசநோய் எக்ஸ்ரேக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அவுஸ்திரேலியாவில் 2024 மார்ச் 23இல் இருந்து 'உண்மையான மாணவரா' என்று கேள்வியாகக் கேட்கிறார்கள், பதிலை நீங்களே எழுதுங்கள், ஏஜென்ட் நாற்பது பேருக்கு ஒரே பதிலை ஒட்டுவான். பாஸ்போர்ட்டை அவன் கையில் விட்டுவைக்காதீர்கள். கட்டணம் 2025 ஜூலையில் 2,000 ஆகிவிட்டது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தம்பி, நாலு தகரத்துக்கு 18,000ஆ? அப்பாவை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான்.

தலவாக்கலைப் பொடியன்

அண்ணன், நான் ஆலோசனையே கேட்கவில்லை. ஆணியும் பாஸ் (மேஸ்திரி) கூலியும் சேர்த்துத்தான் 18,000. அப்பா கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.