"மலேரியாவைத் தடுக்கவே மரபணு மாறியது": இந்த விடைக்கு மதிப்பெண் உண்டா?

விலங்கியல் ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் இரத்த சோகை ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அதிகம் காணப்படுவது ஏன் என்று கேட்டிருந்தேன். "மலேரியாவிலிருந்து தப்பிக்க அங்குள்ள மக்களின் மரபணு தன்னை மாற்றிக்கொண்டது" என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். மூன்றுக்குச் சுழியம் போட்டேன். சக ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள்.

கரிசல்காட்டான்:
கோபப்பட மாட்டார்களா அம்மா? நானும் முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன். இந்த நோய்க்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1954இல் ஆன்டனி அல்லிசன் என்ற அறிவியலாளர் ஆதாரத்தோடு காட்டினார். அந்தத் தொடர்பை இந்தப் பெண் சரியாகப் பிடித்திருக்கிறாள். "மாற்றிக்கொண்டது" என்பது வெறும் பேச்சுவழக்கு. உயரத்து இலையை எட்ட ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டது என்று நாமே வகுப்பில் சொல்வதில்லையா?

விலங்கியல் ஆசிரியை:
சொல்லக் கூடாது ஐயா! உயிரி தன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தைப் பிள்ளைக்கும் கொடுக்கும் என்பது லாமார்க்கின் கருத்து. டார்வின் பாடத்தை நடத்திவிட்டு லாமார்க்குக்கு மதிப்பெண் போட என் கை வரவில்லை. நடந்தது என்ன? சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில், அடினின் என்ற டி.என்.ஏ. எழுத்து இருந்த ஓர் இடத்தில் தைமின் என்ற எழுத்து வந்தது. அதனால் ஆறாவது அமினோ அமிலமான குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் அமர்ந்தது. இந்தப் பிழை மலேரியா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை. கொசுவே இல்லாத ஊரிலும் நேரலாம். முட்டையிலோ விந்தணுவிலோ நேர்ந்தால்தான் பிள்ளைக்குப் போகும். மலேரியா செய்த வேலை அதற்குப் பிறகுதான். அந்த அல்லீலின், அதாவது மரபணுவின் மாறிய வடிவத்தின், ஒரு நகலை மட்டும் பெற்ற குழந்தைகள் கடும் மலேரியாவில் இறப்பது குறைவு. அவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றார்கள். எந்த மனிதரும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தலைமுறைகள் தாண்டும்போது அல்லீலின் விகிதம் கூடியது, அவ்வளவுதான்.

மாணவன் 12-ஆ:
டீச்சர், ஒரு சந்தேகம். இரண்டு நகல் பெற்ற குழந்தைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்தால், அந்த அல்லீல் ஏன் அழிந்துபோகவில்லை?

விலங்கியல் ஆசிரியை:
நல்ல கேள்வி, தம்பி. மலேரியா உள்ள இடத்தில் இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. இரண்டு நகல் உள்ளவர் சோகையால் இறக்கிறார். ஒரு நகலும் இல்லாதவர் மலேரியாவால் இறக்கிறார். நடுவில் நிற்கும் கடத்தியிடம், அதாவது ஒரு நகல் மட்டும் உள்ளவரிடம், அல்லீல் பிழைத்துக்கொள்கிறது.

நீலகிரிச் செவிலி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1952இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் அணுக்கள் கண்டறியப்பட்டன. எங்களுக்கு இது ஆப்பிரிக்கக் கதை அல்ல. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் சிதைகிறது. மூட்டு வலியில் குழந்தை இரவெல்லாம் அழும். கடத்திகளான பெற்றோரிடம் "பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்று நம்பி ஒரு தாய் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கருவுறுதலிலும் அதே நான்கில் ஒன்றுதான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உங்கள் மூன்று மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

கரிசல்காட்டான்:
செவிலி அம்மா சொல்வதுதான் முக்கியம். பெற்றோரின் அல்லீல்களைக் கட்டம் போட்டுச் சேர்த்து 1:2:1 என்று விகிதம் எழுதும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நானே இதை அழுத்திச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தச் சுழியத்தை ஏற்க மாட்டேன். சரியான பாதிக்கு மதிப்பு கொடுத்தால்தான் தவறான பாதியைத் திருத்திக்கொள்வாள்.

விலங்கியல் ஆசிரியை:
தொடர்பைச் சொன்னதற்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். "தன்னை" என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். நாளை முதல் பாடவேளையில் தாயக்கட்டையோடு போகிறேன், செவிலி அம்மா. ஒவ்வொரு உருட்டலும் புதிது என்று அதை வைத்தே தொடங்குகிறேன்.

கரிசல்காட்டான்:
இரண்டு மதிப்பெண்ணாவது தந்திருக்கலாம்.