ஏற்காட்டில் தடம் பார்க்கச் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களின் ஓரம் நடக்கும்போது விலங்குகளின் தடயங்களை அடையாளம் காண ரொம்ப ஆசை. நாய்த் தடத்தில் நகம் பதியும், பூனை இனத்தில் பெரும்பாலும் பதியாது. முழுக் காப்பிக்கொட்டையோடு கிடப்பது மரநாயின் எச்சம். இவ்வளவுதான் தெரியும். காட்டுப்பன்றித் தடத்தையும் ஆட்டுத் தடத்தையும் எப்படிப் பிரித்தறிவது? காட்டெருமைச் சாணம் பழசா புதுசா என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் முக்கியமானது, சுருக்குக் கம்பி. காட்டு விலங்குக்குக் கண்ணி வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அதைக் கண்டுபிடிக்கத்தான் கற்க நினைக்கிறேன். பன்றிக்கு வைத்ததில் எந்த உயிரும் மாட்டும், நினைத்தாலே மனசு தாங்கவில்லை. வேலிச் சந்துகளில் எந்த உயரத்தில் தேட வேண்டும்? வனத்துறையிடம் சொல்ல என்னென்ன குறித்துவைக்க வேண்டும்? கூட நடந்து காட்ட யாராவது வந்தால், சேலத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன்.